இறக்கைக்கு அடியில்

கிள்ளானுக்கு வடக்கே ஒரு கறிக்கோழிப் பண்ணையில் தோல் அழுகல் நோய் வந்திருந்த வாரங்களில் நான் பண்டமாரானுக்கு, அப்பா வீட்டுக்குப் போகவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே தனியாக இருக்கிறார். பின்பக்கம் ஒரு ரெபான், அதாவது கோழிக்கூடு, கட்டி, நான்கைந்து கம்பத்து நாட்டுக்கோழிகளை வளர்க்கிறார். என்னைப் போன்ற பண்ணைக் கோழி மருத்துவர்களுக்கு ஒரு விதி உண்டு: வீட்டுக் கோழி திரியும் இடத்தில் கால் வைத்தால் அடுத்த சில நாட்கள் எந்தக் கொட்டகைக்குள்ளும் நுழையக் கூடாது. எனக்கோ தினமும் நுழைய வேண்டியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு ஒரு வாடகை அறை, கீழே சாப்பாட்டுக் கடை, ஜன்னலுக்கு வெளியே ரயில். அவ்வளவுதான்.

நோய் ஒன்றும் புதிரல்ல. கிருமி தரையில் பரப்பிய உமியிலேயே கிடக்கும். தோல் கிழியாதவரை ஒன்றும் செய்யாது. உமி நனைந்து, நெரிசலில் கோழிகள் ஒன்றையொன்று நகத்தால் கீறிக்கொண்டால் போதும். காலையில் தீனி தின்ற கோழி மாலையில் செத்துக் கிடக்கும். இறக்கையைத் தூக்கினால் தோல் கருத்து ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் அடியில் காற்று நொறுநொறுக்கும்.

செத்தவற்றை உடனே பொறுக்குவது முதல் வேலை. பிறகு தண்ணீர்க் குழாய், பிறகு உமி, அதன் பிறகுதான் மருந்து. பண்ணை மேற்பார்வையாளருக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை.

"எல்லா டாக்டரும் வந்தவொடனே மருந்து குடுப்பாங்க. நீங்க என்னா, பைப்ப பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஒழுகுறது நிக்கலன்னா மருந்து வேலைக்கு ஆகாது அண்ணே."

"அப்ப பிளம்பரையே கூப்பிட்டிருக்கலாம் லா."

சில நாட்களில் நான் மனிதர்களோடு பேசிய பேச்சு இவ்வளவுதான்.

அப்படி ஒரு மாலையில் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். காரணமில்லாமல் அவர் கூப்பிடுவதில்லை.

"செவப்புக் கோழிக்கு இறக்க கீழ கிழிஞ்சிருக்கு மா. சேவல் வேல."

"அப்பா, உங்க காதுதான் தெரியுது. கோழிய காட்டுங்க."

கோழி தெரிந்தது. சேவல் ஏறும்போது அதன் கால்முள் கிழித்த நீளக் காயம். சுற்றிலும் தோல் சிவப்பு, கருக்கவில்லை. தனியாக அடைக்கச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சள் நிறப் புண் மருந்து போடச் சொன்னேன். தினமும் காட்டச் சொன்னேன்.

தினமும் காட்டினார். கோழியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் இறக்கையை விரித்துப் பிடிப்பார். அதற்கிடையே பக்கத்து வீட்டு லோரி சந்து வழியை அடைக்கிறது என்பார். துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்த நண்பர் ஊர் மாறிப் போனதைச் சொன்னார். ஒருநாள், அம்மா வைத்த கறிவேப்பிலை மறுபடி துளிர்த்திருக்கிறது என்றார். எல்லாம் கோழியைப் பார்த்தபடியே. எங்கள் வீட்டில் இவ்வளவு பேச்சு இருந்ததில்லை. புண் ஆறிவிட்டால் அவருக்குக் கூப்பிடக் காரணம் இருக்காது என்பதை நினைத்துக்கொண்டேதான் திரையைப் பார்ப்பேன்.

பண்ணையில் சாவு குறையத் தொடங்கியிருந்தது. ஆனாலும் நான் இன்னும் அங்கே தினமும் போய்வர வேண்டியிருந்தது. அன்று மாலை அப்பா வழக்கம்போல இறக்கையை விரித்தார். பொருக்கு விழுந்து, தோல் வெளுத்து, புது இறகுக் குருத்துகள் வரிசையாக எட்டிப்பார்த்தன. அதற்கு மேல் ஆற ஒன்றுமில்லை.

"இன்னும் ஆறல போல இருக்கு மா," என்றார் அப்பா.

கோழி வளர்ப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. நான் திரையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"ஆமாப்பா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும். நாளைக்கும் காட்டுங்க."

"அதான் நானும் நெனச்சேன்."

கோழி மடியிலிருந்து குதித்தது. அவர் போனை மேசையில் வைத்துவிட்டு அதன் பின்னால் போனார். இணைப்பை அவர் துண்டிக்கவில்லை. திரையில் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கீழ்க் கடையில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, அந்த மின்விசிறியைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.