பஸ்ஸில் செய்த தியானம்

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மனசெல்லாம் வெறிச்சென்று கிடந்தது. "தினமும் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிங்க" என்றார் டாக்டர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸிலேயே அதை ஆரம்பித்தேன்.

பக்கத்து சீட்டு அம்மா பதறிவிட்டார். "ஐயையோ, இவுக மயங்கிட்டாக!"

யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை மூக்கருகே நீட்டினார்கள். நான் கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா என் உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்தது அவ்வளவு சுகமாக இருந்தது. மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு அந்தக் கையையே கவனித்தேன். இரண்டு ஊர் தாண்டித்தான் மெல்ல விழித்தேன்.

"இப்ப எப்படி இருக்குத்தா?"

"நல்லா இருக்கு" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.