ஒல்லாந்தக் கப்டனின் கைத்துவக்கு

காஸ் அடுப்பு லைட்டர் ‘டிக்’ என்று பொறி விடும்போதெல்லாம், இப்போது இடமே தெரியாமல் போய்விட்ட தலைமன்னார் ரயில் குவாட்டர்ஸும், கப்பலின் ஊதலும், ஞாயிறு பூசை முடிந்ததும் கண்ணாடி அலுமாரியிலிருந்து பாட்டனாரின் கைத்துவக்கை எடுத்துத் தேங்காய் எண்ணெய் பூசும் அப்பாவும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

“ஒல்லாந்தக் கப்டன்ர சாமான்,” என்பார். விசையை இழுத்தால், சின்னச் சுத்தியல் கவ்வியிருந்த சக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் உரசிப் பொறி கொட்டும். கட்டைக் குழலின் வாய் அடைபட்டிருந்தது உப்புக்காற்றின் துருவால் என்பது அவர் விளக்கம். அந்தத் துவக்குக்குப் பயந்தே பக்கத்து வீட்டார் தங்கள் ஆடுகளை எங்கள் தோட்டத்துக்குள் விடாமல் கட்டி வளர்த்தார்கள்.

துவக்குகளை ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தபோது மற்றவர்கள் ஒளிக்க இடம் தேடினார்கள். அப்பாவோ வெள்ளை வேட்டி கட்டி, துவக்கைப் பட்டுத்துணியில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி சந்தை வழியாக நடந்தார்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறி விழும் இடத்திலிருந்து குழலுக்குள் போக ஓட்டையே இல்லை. அப்பாவின் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருந்த ஒரு மூடியை நகத்தால் நெம்பினார். குழல் என்று நாங்கள் நினைத்தது ஒரு பெட்டி. உள்ளே கருகிய பஞ்சு.

“இது துவக்கில்லை ஐயா, விளக்குக் கொளுத்துற சாமான். வீட்டுக்குக் கொண்டு போங்கோ.”

அப்பா இன்ஸ்பெக்டரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“சேர், ஒரு கிழமையாவது பறிச்சு வைச்சிருங்கோ. பக்கத்து வீட்டில ஒன்பது ஆடு நிக்குது.”