அந்தரத்தில் நின்ற உருளை

போன வாரம் தம்பியோடு போய் அவன் வேனைத் திருத்தக் கொடுத்துவிட்டு கேகாலையில் ஒரு கராஜில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே பாரம் தூக்கும் கரண்ட் செயின் புளொக் ஓடத் தொடங்கியது. சங்கிலி உள்ளே இழுபடும் அந்தக் கரகரப்பு உங்களுக்கு வெறும் சத்தமாக இருக்கலாம். எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். எஞ்சின் கொக்கியில் ஆடிக்கொண்டிருக்க, மெக்கானிக் அதற்குக் கீழே கையை நீட்டி எதையோ தேடினார்.

"மல்லி, யட்டின் அயின் வென்ன!"

கீழேயிருந்து விலகச் சொல்லி நான் சிங்களத்தில் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர் டீயை மடியில் ஊற்றிக்கொண்டார். "ஹரி அக்கே, ஹரி" என்று மெக்கானிக் சிரித்தபடி விலகினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எஞ்சின் தரையில் உட்காரும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

கிரீஸ் வாசம் எனக்குத் தனியாக வருவதில்லை. புளித்த ரப்பர் பாலின் வாசத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கல்யாணத்துக்கு முன்பு புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்து ரப்பர் பெக்டரியில் மெஷின் வேலை செய்தேன். அந்த வாசம் எந்தச் சோப்புக்கும் மசியாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். ஒரு வகையில் வசதிதான்.

பெக்டரிக்குச் செயின் புளொக் வந்தபோது பட்டன் அமுக்க என்னைத் தெரிவு செய்தார்கள். திறமை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மெஷின் பழுதாகிச் சும்மா நின்றவள் நான்தான். பழக்க வந்தவர் நிதானமான மனிதர். கொக்கி தூக்கும் சாமானுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், சாய்த்து இழுத்தால் கிளம்பிய உடனே சாமான் வீசி ஆடும் என்றார். சாமானுக்குக் கீழேயோ அது வீசக்கூடிய பக்கத்திலோ ஆள் நிற்கக்கூடாது, யாராவது ஒருவர் மட்டும்தான் உத்தரவு சொல்ல வேண்டும் என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

ஒரு நாள் ரப்பர் அழுத்தும் சுவரோர மெஷினின் உருளையைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆளை விடக் கனத்த வார்ப்பிரும்பு. செயின் புளொக் ஓடும் இரும்புக் கர்டரோ கூடத்தின் நடுவில் இருந்தது. பியதாச பாஸ் எங்கள் பிட்டர், மெஷின்களைக் கழற்றிப் பூட்டுபவர். அருமையான வேலைக்காரர், ஆனால் அவசரக்காரர். கொக்கியை மெஷின் பக்கம் இழுத்து மாட்டினார். சங்கிலி சாய்ந்து நின்றது.

"பாஸ், சாயுதுங்களே" என்றேன்.

"கொஞ்சந்தானே தங்கச்சி. பால் வரப்போவுது, சுருக்கா முடிப்போம்."

எங்களோடு வேலை செய்த சிவலிங்கம் அண்ணன் உருளையைப் பிடித்துக்கொள்ள முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் கூடத்துத் தூண். நான் பட்டனை அமுக்கினேன். சங்கிலி இறுகியது. உருளை தன் இடத்தில் இறுகிக் கிடந்தது. பிறகு ஒரே உதறலில் விடுபட்டுக் கூடத்தின் நடுவை நோக்கி வீசியது. அண்ணனைத் தூணோடு சேர்த்து இடுப்பில் அழுத்திக்கொண்டு நின்றது.

"தூக்கு! தூக்கு புள்ள!" என்று அண்ணன் கத்தினார்.

"பான்ன! பான்ன!" என்று பாஸ் சிங்களத்தில் கத்தினார். இறக்கச் சொல்கிறார்.

இரண்டு பட்டனுக்கும் நடுவில் என் கட்டை விரல். தூக்கினால் உருளை வயிற்றில் ஏறும். இறக்கினால் தொடையை நசுக்கிக்கொண்டு பாதத்தில் விழும். இதையெல்லாம் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் விரல் மரத்துப் போயிருந்தது. மறுபடி உணர்வு வந்ததும் மூன்றாவதாக இருந்த சிவப்பு பட்டனை அமுக்கினேன். எல்லாம் பூட்டிக்கொண்டது.

"அமத்திட்டேன் பாஸ்! மேலயும் போவாது, கீழயும் வராது. வந்து பாருங்க!"

பாஸ் கிட்டே வந்து பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. "கயிறு" என்றார் மெதுவாக. "உருளைய செவுத்துப் பக்கம் இழுக்கணும். ஆளு வேணும்."

மாடியில் ரப்பர் காயப்போடும் பெண்களைக் கூப்பிட்டேன். தடதடவென்று இறங்கி வந்தார்கள். முதலில் வந்தது பாக்கியம் அக்கா, சிவலிங்கம் அண்ணனின் மனைவி. அழுதுவிடுவார் என்று பயந்தேன். அவர் தூணுக்குப் பக்கவாட்டில் போய் நின்றார்.

"என்னையப் பாருங்க. கீழ பாக்காதீங்க."

"கால் இருக்குறதே தெரியல பாக்கியம்."

"இருக்கு. நான் பாக்குறேன்ல, இருக்கு."

பாஸ் கயிற்றை உருளையில் கட்டி முடித்ததும் அக்கா வந்து முன்வரிசையில் கயிற்றைப் பிடித்தார். கணவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்கள் சுவர்ப் பக்கம் சாய்ந்து இழுத்தார்கள். முதலில் ஒன்றும் அசையவில்லை. கயிறு முறுகும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு உருளைக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது. பாஸ் அந்த இடைவெளியில் தன் தோளைக் கொடுத்தார். கயிறு நழுவினால் இரண்டு பேரும் நசுங்குவார்கள். அண்ணனைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"விட்டுறாதீங்க! மெதுவா!" என்று அக்கா மற்றவர்களை அதட்டினார். கணவர் வெளியே வந்த பிறகும் அவர்தான் கயிற்றைக் கடைசியாக விட்டார். உருளை நேராகத் தொங்கி ஆட்டம் நின்றதும், எல்லாரையும் விலக்கிவிட்டு பாஸ் கையைக் காட்டினார். நான் இறக்கினேன். அது தரையைத் தொட்ட பிறகுதான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

இடுப்பெலும்பில் வெடிப்பு. அண்ணன் வெகுகாலம் படுத்திருந்தார், பிறகு கொஞ்சம் சாய்ந்து நடந்தார். பாஸ் ஆஸ்பத்திரிக்கு இளநீர்க் குலையோடு போய்க் கட்டிலருகே பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். "மனுசன் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு, நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்றேன்" என்பார் அண்ணன். பெண்களுக்கெல்லாம் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டு, ஒருவரையொருவர் "துரைசாணி" என்று கேலி செய்துகொண்டார்கள்.

கராஜிலிருந்து திரும்பும் வழியில் தம்பியிடம் வேனை அந்தத் தோட்டத்துக்கு விடச் சொன்னேன். மலையில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டார்கள். பெக்டரிக் கதவில் பூட்டு. கர்டரைக்கூட அறுத்து விற்றுவிட்டார்களாம். கயிறு பிடித்தவர்களில் ஒருத்தி குவைத்தில், இரண்டு பேர் கொழும்பில் கார்மென்ட் பெக்டரியில், மற்றவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. ஜன்னல் வழியாக மாடிப்படியைப் பார்த்தேன். ஒரு குரலுக்கு அத்தனை பேர் இறங்கி வந்த படி. இன்றைக்குக் கூப்பிட்டால் என் குரல்தான் திரும்பி வரும்.