பூரிக்கு நான்கு ஷூ

காலையில் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாய்க்கு ஷூ மாட்டுவதை ஊரில் யாராவது பார்த்தால், வேலை போய்விட்டது, மூளையும் கூடவே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான்கு கால், நான்கு ஷூ. மூன்றாவதை மாட்டுவதற்குள் முதலாவதை உதறி எறிந்திருக்கும். அதற்கு முன்னால் பஞ்சு வைத்த கோட்டு, காதை மூடும் கம்பளிப் பட்டை, பாதங்களுக்கு மெழுகுத் தைலம். கல்யாணப் பெண்ணைக்கூட இதைவிடச் சீக்கிரம் தயார் செய்துவிடலாம். இவ்வளவும் முடித்து வெளியே போனால் ஐந்தே நிமிடம்; காரியத்தை முடித்துக்கொண்டு இருவரும் உள்ளே ஓடி வந்துவிடுவோம். கனடாவின் வினிபெக் நகரில், ஜனவரி மாதத்தில், நாய் வளர்ப்பது என்றால் இதுதான்.

நாயின் பெயர் பூரி. ஊரில் எங்கள் வீடு வேங்கிக்காலில். ஒரு பௌர்ணமியன்று நானும் தம்பி செல்வமும் கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலையில் ஒரு டிபன் கடை வாசலில் பாதிப் பூரியைக் கவ்விக்கொண்டு நின்ற குட்டி எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. மலை சுற்றிப் புண்ணியம் சேர்த்த ஜீவனை எப்படித் துரத்துவது என்று வீட்டில் சேர்த்துக்கொண்டோம். அங்கே அதன் குளிர்காலப் பராமரிப்பு ஒரு கோணிப்பையோடு முடிந்துவிடும். மார்கழிப் பனிக்கு அதில் சுருண்டு படுக்கும். விடிந்ததும் தெருமுனை இஸ்திரி வண்டிக்கடியில் போய்க் கதகதப்பாகப் படுத்துக்கொள்ளும். வேலை கிடைத்து நான் மட்டும் இங்கே வந்த பிறகு அது சரியாகச் சாப்பிடவில்லை. முதல் விடுமுறையில் போனபோது விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. "அது உன்னத்தான் தேடுதுக்கா. கூட்டிக்கினு போயிடு" என்றான் செல்வம். தடுப்பூசி, சான்றிதழ், கூண்டு என்று அலைந்து விமானம் ஏற்றினேன். எனக்கு விசா தரும்போது கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஹெலன் என்று ஒரு அம்மாள் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்றவர். இலை உதிரும் காலத்திலேயே, வேலி ஓரம் நின்று, பூரிக்கு ஷூ வாங்கிவிட்டாயா என்று கேட்டார். நகைச்சுவை என்று நினைத்து நான் சிரித்தேன். நான் சிரித்ததால் மரியாதைக்கு அவரும் சிரித்தார். அப்படித்தான் ஒரு நல்ல எச்சரிக்கை வீணாய்ப் போனது. தொலைபேசியில் செல்வத்திடம் சொன்னபோது, டையும் கட்டி ஆபீசுக்கு அனுப்பப் போகிறாயா என்று கேட்டான். பத்து நாள் அதையே சொல்லிச் சிரித்தோம்.

பிறகு பனி வந்தது. ஒரு சனிக்கிழமைக் காலை, என் பழைய ஸ்வெட்டரின் கைகளை வெட்டிப் பூரிக்குப் போட்டுவிட்டு நடக்கக் கூட்டிப் போனேன். வெயில் பளீரென்று அடித்தது. வெயில் அடித்தால் சூடு இருக்கும் என்று நம்புகிற ஊர்க்காரி நான். இரண்டு தெரு சுற்றித் திரும்பும்போது ஹெலன் வீட்டு முன்னால் பூரி நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கியது, அதை வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கியது, கடைசியில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டது. அடம் என்று நினைத்துத் திட்டினேன். அதற்குள் ஹெலன் கதவைத் திறந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். அவர் புல்தரைமேல் நாய் உட்கார்ந்ததற்குத்தான் கோபம் என்று எண்ணி, "சாரி, சாரி" என்றபடி கயிற்றை இழுத்தேன். நான் இழுக்க இழுக்க அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். அவர் கத்தக் கத்த நான் இன்னும் வேகமாக இழுத்தேன். வீட்டுச் செருப்போடு, கோட்டுகூட இல்லாமல் இறங்கி வந்த அந்த அம்மாள் பூரியை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாயைப் பறிமுதல் செய்கிறார்கள் என்று பதறி நானும் பின்னால் ஓடினேன்.

சமையலறையில் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதன் பாதங்களை முக்கினார். விரல் இடுக்குகளில் பனிக்கட்டியும், வழுக்காமல் இருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பும் கெட்டியாக அடைத்திருந்தன. தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. காது நுனிகள் காகிதம்போல் வெளுத்திருந்தன. சூடு பறக்கத் தேய்த்துவிடலாம் என்று நான் கையை நீட்டியதும், தேய்த்தால் தசை இன்னும் கெடும் என்று தடுத்துவிட்டார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "அவள் அடம் பிடிக்கவில்லை. அவளுக்கு வலிக்கிறது."

அந்தத் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன். பூரி என் முகத்தை நக்கியது. அதுதான் தாங்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் என்னைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. கால் ஆறிவிடும், இடது காது நுனி மட்டும் காய்ந்து உதிர்ந்துவிடும் என்றார். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைக்க வேண்டும், உப்பை நக்கினால் வயிற்றுக்கு ஆகாது. கார் என்ஜின் உறையாமலிருக்க ஊற்றும் திரவம் ஒழுகிக் கிடந்தால் பக்கத்திலேயே விடக்கூடாது, இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே உயிருக்கு ஆபத்து என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றே ஷூ வாங்கினேன். மாட்டியதும் பூரி சேற்றில் இறங்கிய கொக்குபோலக் காலைத் தூக்கித் தூக்கி நடந்தது. சிரிக்கக்கூடாது என்று இருந்தும் சிரித்துவிட்டேன்.

செல்வத்திடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவே இல்லை.

"இங்கியே உட்டிருக்கலாமோக்கா?" என்றான்.

அங்கே விட்டபோது சாப்பிடவில்லை. இங்கே கொண்டுவந்தால் காது போகிறது.

"இப்ப சாப்புடுதா?"

"சாப்புடுது."

"ஜாஸ்தியா, கம்மியா?"

"எனக்கு வச்சதையும் சேத்துச் சாப்புடுது."

"அப்ப சரி, வுடு" என்றான்.

காது நுனி உதிர்ந்துவிட்டது. ஷூவைக் கழற்றி எறிவது மட்டும் நிற்கவில்லை. இப்போது சனிக்கிழமை காலைகளில் ஹெலன் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறார். போன வாரம் அவர் இருக்கும்போதே செல்வம் வீடியோவில் அழைத்தான். இங்கே விடிந்து சற்று நேரம். அங்கே நன்றாக இருட்டிவிட்ட நேரம், தெருவில் ஆட்டோ ஹாரன், நாய்ச் சண்டை. போனுக்குள்ளிருந்து செல்வம் "பூரீ" என்று கூப்பிட்டான். அதே நேரம் வாசலில் தன் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்த ஹெலன், வெளியே கூட்டிப் போவதற்காக, "பூவ்ரி" என்று கூப்பிட்டார். பூரி எழுந்து கூடத்தின் நடுவில் நின்றது. போனைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. எந்தப் பக்கமும் நகரவில்லை. வால் மட்டும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.