சூட்டில் வைத்த கார்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மொன்றியலில் பொறியியல் படிக்கும்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். பந்தயத் தடத்தில் ஒரு நாளாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

குளிர் தொடங்கியதும் விண்டர் டயர் மாட்டினேன், புதுப் பற்றறி போட்டேன். நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் எல்லோருடைய கார்களும் தெருப் பனியில் புதைந்து கிடக்க, என் காருக்கு மட்டும் சூடேற்றிய கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்.

"கம்பளியும் போத்துவிடடா தம்பி," என்று சிரித்தார் மேல்வீட்டு யூட் அண்ணை. அவரும் என்னோடு தடத்துக்கு வர இருந்தவர்.

"உங்கடை கார்தான் விறைச்சுச் சாகப்போகுது அண்ணை," என்றேன்.

இரண்டு குளிர்காலம் கழிந்தது. மே மாதம், தடத்தின் வாசலில் பரிசோதகர் என் காரை உயர்த்தி, அடிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினார். துருவேறிய இரும்புக்குள் அதன் முனை புகுந்துவிட்டது. இனி இதைத் தெருவில்கூட ஓட்டக் கூடாது என்றார். ஒட்டுப்போடவும் நல்ல இரும்பு மிச்சமில்லை.

பனி உருகத் தெருவில் தூவுகிற உப்பு காரின் அடியில் ஒட்டியிருந்தது. வெளியே விட்டிருந்தால் குளிரில் அடங்கிக் கிடந்திருக்கும்; கராஜின் சூட்டில் அது கரைந்து இரும்பைத் தின்றிருக்கிறது. சூட்டில் துரு வேகமாகப் பிடிக்கும் என்று பல்கலைக்கழகச் சோதனையில் எழுதியவன்தான் நான். ஆனாலும் வெயில் நாட்டில் பிறந்த எனக்குக் குளிர் மட்டுமே எதிரியாகத் தெரிந்தது.

தெருப் பனியில் கிடந்த அண்ணையின் கார் பரிசோதனையில் தேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "வாடா, என்ரை காரிலை பக்கத்திலை இரு."

"நீங்கள் போங்கோ அண்ணை."

ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி வேலிக்கு வெளியே நின்றேன். கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கார் பிழைத்திருக்கும். இப்போதும் ஒருவருக்கு நல்லது என்று எதையாவது செய்யும்போது, அது நல்லதுதானா என்று எனக்குத் தெரிவதில்லை.