கவிழ்ந்து கிடந்த கறுப்புக் கிண்ணங்கள்

மலேசியாவில், ஈப்போ நகரத்து ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது என் வேலை. அங்கேதான் டெங்கிக் கொசுவைத் தீர்க்கும் கறுப்புக் கிண்ணம் பிறந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை. பாதி தண்ணீர், விளிம்பைச் சுற்றி மருந்து தோய்த்த துணி, அவ்வளவுதான். முட்டையிட வரும் கொசு அந்த மருந்தைக் காலில் ஒட்டிக்கொண்டு, நம் கண்ணுக்குப் படாமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்கெல்லாம் கொண்டுபோகும். அங்கே புழுக்கள் செத்துப்போகும். கொசுவையே சம்பளமில்லாத வேலைக்காரி ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

ஆனால் டெங்கி எனக்குச் சிரிப்பான விஷயமில்லை. முந்தைய மழைக்காலத்தில் என் மகள் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால், கிண்ணத்தைச் செய்த பேராசிரியை அதைச் சோதிக்க இடம் தேடியபோது, ஈரக் கையோடு போய் நின்று, நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குக் கொண்டு வரச் சொன்னேன். எங்கள் தாமான் பழைய ரப்பர் தோட்டத்து நிலம். குடியிருப்பவர்களும் பாதிப்பேர் பழைய தோட்டத்து ஆட்கள்தான். அவர் சம்மதித்தார். கிண்ணத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வேறு இடம் பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டார்.

வாசல் மரங்களில் இடுப்பு உயரத்தில் கம்பி கட்டி மாட்டினார்கள். முதல் வாரமே எங்கள் வீட்டு வரிசையில் அத்தனையும் கவிழ்ந்து கிடந்தன. இரண்டாம் வாரமும் அப்படியே. எனக்கு வந்ததே கோபம்! குரங்கைத் திட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைகள்தான் என்று வாசலில் நின்று கத்தினேன். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த வாரமும் இப்படியென்றால் எடுத்துவிடுவோம் என்றார் பேராசிரியை. மழை வரப்போகிறது, மகளுக்கு மறுபடி வந்தால் என்ன செய்வேன்?

என் வீட்டுக்காரர் சன்னலில் கைப்பேசியை வைத்துப் படம் பிடித்தார். காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கைலி கட்டிய ஒருத்தி தெருவைக் கூட்டிக்கொண்டே வருகிறாள். மரத்தடியில் நிற்கிறாள், கிண்ணத்தை எடுக்கிறாள், தண்ணீரை ஊற்றி உதறுகிறாள், கம்பியில் கவிழ்த்து வைக்கிறாள், அடுத்த மரத்துக்குப் போகிறாள். சாட்சாத் நான், தினமும் விடிகாலையில் கூட்டுவதுபோலவே.

"இந்தா ஒன் திருடி. நல்லா பாத்துக்க லா."

கல்யாணம் ஆகும்வரை நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி. பாலை வாளியில் ஊற்றினால், மழைத்தண்ணீர் சேராமல், மங்கு என்கிற பால் கிண்ணத்தை மரத்தின் கம்பியில் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவோம். மரம், கம்பி, கிண்ணம் மூன்றையும் கண்டதும் கை அதன் வேலையைச் செய்திருக்கிறது. மனத்துக்குத் தெரியவே இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்கத்தில் முகம் எரிந்தது.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் ரெண்டு கவுத்துருக்கேன். வெளிய சொல்லிராத."

வேலை போனாலும் போகட்டும் என்று பேராசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அக்காவை மட்டும் மறைத்தேன். பேராசிரியை கோபிக்கவில்லை. கை எப்படிப் போகிறது என்று மூன்று தடவை செய்து காட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். மரத்தில் மாட்டினால்தானே கை போகும், தரையில் பூச்சட்டிகளுக்குப் பின்னால், சாயாமல் உள்ளே கல்லைப் போட்டு வையுங்கள் என்றேன். அப்படியே வைத்தார்கள்.

தண்ணீர் நின்றது. தோட்டத்தில் மர வரிசைகளை நிரை நிரையாகப் பிரிப்பதுபோல் நானும் அக்காவும் வீடுகளைப் பிரித்துக்கொண்டு வாரந்தோறும் தண்ணீர் நிரப்பினோம். மழையும் வந்தது, ஊரெல்லாம் காய்ச்சலும் வந்தது. எங்கள் வரிசையில் ஒருவர்கூடப் படுக்கவில்லை. நான் மார் தட்டிக்கொண்டேன், ஏன் தட்டக்கூடாது?

இப்போது அந்தக் கிண்ணம் வெளிநாடுகளுக்குப் போகிறது. அதோடு போகும் குறிப்புத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை மகள் தமிழில் சொன்னாள். முதல் வரி இதுதான்: கிண்ணத்தை வைக்குமுன், அந்த ஊர்க்காரர்களின் கைகள் எந்த வேலைக்குப் பழகியவை என்று கேளுங்கள்.

"அம்மா, இது நீங்கதானே?"

நான்தான் என்றேன். டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊசி ஏறி வீங்கியிருந்த அதே கையால்தான் அவள் அந்தத் தாளைப் பிடித்திருந்தாள்.