அரைக் கட்டை

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் நாடக நோட்டீஸைக் கையில் வாங்கினால் என்ன நாடகம் என்று பார்க்க மாட்டார். விரலை வைத்து எழுத்தை அளப்பார். ராஜபார்ட் சங்கையாவின் பெயர் இரண்டு விரல் உயரம் நிற்கும். 'ஆர்மோனியம் ஈஸ்வரமூர்த்தி' என்பது அடியில் எறும்பு வரிசையாகப் போகும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மிருதங்கம் வாசித்த காளிச்சாமியாகிய என் பெயர் எறும்பாகக்கூட வந்ததில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

கோவிந்தாபுரத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம் அவருடையது. கடலைக்காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆர்மோனியப் பெட்டியோடு நாடகக் கம்பெனிக்கு வந்தவர். மேடைக்கு ஓரமாக உயரமான பெஞ்சில் உட்காருவார். ஃபிடில், மிருதங்கம், தாளம் எல்லாம் அவர் தலையசைப்புக்குத்தான் நடக்கும். நடிகன் எப்போது நுழைவது, எந்த அடியைத் திருப்பிப் பாடுவது, எப்போது விட்டுத் தொலைப்பது, எல்லாம் அவர் கண்ணில் இருக்கும். ஜனங்கள் பார்த்ததென்னவோ ஜரிகைச் சட்டை போட்ட சங்கையாவைத்தான்.

யார் மேல்தான் பொறாமை இல்லை அவருக்கு? கல்பாத்தித் தேருக்குப் போனால் கச்சேரியைக் கேட்க மாட்டார், வித்வான்கள் தோளில் கிடக்கும் சால்வையைப் பார்த்துவிட்டு வருவார். "நம்ம பொட்டிய உள்ளயே உட மாட்டாங்களாமா. அது சங்கீதமில்லையாமா" என்று ஒரு வாரம் பொருமுவார். பொள்ளாச்சிக்குப் பேசும் படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

"படத்துல பாடறவனுக்கு வேர்க்குமாடா காளி? ஒன்ஸ்மோர் கேட்டா மறுக்காப் பாடுவானா? அதுக்குப் போயி வண்டி கட்டீட்டுப் போறானுக. நாம உசுரோட உக்காந்து வாசிச்சா, முன்னால நாய் படுத்துக் கெடக்குது."

நாய் விஷயம் உண்மை. அந்த வருஷம் எங்கள் கொட்டகையில் பாதிப் பாய் காலியாகவே கிடந்தது.

சங்கையா கம்பம் பக்கத்துக்காரர். குமுளி வழியாக மலைத் தோட்டங்களில் ஆடிவிட்டு எங்களிடம் சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயதுக்குமேல் அவர் தொண்டை மேலே எட்டவில்லை. பெட்டியில் எந்தக் கட்டையை அமுக்கிச் சுருதி பிடிக்கிறோமோ அதை வைத்து நாலு கட்டை, ஐந்து கட்டை என்போம். கட்டை ஏறினால் தொண்டையும் ஏறியாக வேண்டும். ஐந்தில் பாடிக்கொண்டிருந்தவரை அண்ணன் சத்தமில்லாமல் நாலுக்கு இறக்கினார். உச்சியில் குரல் நடுங்குகிற இடத்தில் பெட்டியை முழங்கவிட்டு மூடினார். இரண்டு வருஷம் வெளியாள் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. அவ்வளவு பொறாமையிலும் அந்த மனிதர் இதில் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிராமபோன் தட்டுப் போடுகிற ஏஜெண்ட் நல்லதம்பி புதன்கிழமை பகலில் வருகிறார், ராஜபார்ட்டைப் பாட வைத்துக் கேட்க வேண்டும் என்று இரண்டே வரி. அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

"தட்டுக்கு நடுவுல யாரு பேரு போடுவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பாடறவங்க பேருதானுங்கண்ணா."

புதன்கிழமை சங்கையா காலையிலிருந்தே வெந்நீர் குடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்தார். ஏஜெண்ட் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொட்டகைக்கு நடந்து வருகிற நேரம், அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

"காளி, இன்னைக்கு நாலரை."

"சங்கையாவுக்கு நாலுதானுங்களே?"

"நாலரைங்கறன். ஏத்துடா."

நான் முடியாது என்றிருக்கலாம். பெட்டி ஏறினால் மிருதங்கமும் ஏற வேண்டும். சுருதி சேராத மிருதங்கம் தனியாகக் காட்டிக் கொடுத்துவிடும். சுருதி சேர்க்கிற கல்லை நான் எடுக்காவிட்டால் அவரால் அரைக் கட்டை நகர்ந்திருக்க முடியாது. கல்லை எடுத்தேன். விளிம்பில் தட்டித் தட்டி ஏற்றினேன். இவர் பெயர் தட்டில் வந்தாலும், அவர் பெயர் வந்தாலும், என் பெயர் வரப்போவதில்லை. எனக்கும் வயிறு எரிந்தது.

முதலடியைச் சங்கையா நன்றாகத்தான் பாடினார். மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கமான இடத்தில் பெட்டி வந்து தாங்கும் என்று நம்பிக் குரலை விட்டார். அண்ணன் துருத்தியைத் தளர்த்தி, பெட்டியை முனகலாக்கிவிட்டார். வெறும் கொட்டகையில் அந்தக் குரல் தனியாக நின்று உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார். அதே இடத்தில் மறுபடி உடைந்தது.

நல்லதம்பி எழுந்தார். அண்ணனை வாசல் பந்தலுக்குக் கூப்பிட்டார். மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"நான் குரலுக்கு வரலைங்க. பாடறதுக்குக் கோயமுத்தூர்ல எட்டுப் பேரு இருக்கறாங்க. அவங்களையெல்லாம் வெச்சு நடத்த ஒரு ஆர்மோனியக்காரர் வேணுமுங்க. பாடறவங்க தடுமாறுனா வெளிய தெரியாமத் தாங்கிக்குவாருன்னு உங்களப் பத்தி எழுதியிருந்தாங்க. இன்னைக்கு அவரு தடுமாறுனப்ப நீங்க கைய எடுத்துட்டீங்களே?"

அண்ணன், "ஆருங்க எழுதுனது?" என்றார்.

"சங்கையாதானுங்க. அவரு தொண்டை போனதையும் அவரேதான் எழுதியிருந்தாரு."

ஏஜெண்ட் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அண்ணன் திரும்பி வந்து பெட்டியை மூடாமல் அதன் எதிரே உட்கார்ந்தார். சங்கையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என் தொண்டை உங்க சோலியக் கெடுத்துருச்சுண்ணே. உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சீங்க. மன்னிச்சுக்கங்க. இனிமே மூணரைக்கு இறக்கிருங்க, நாலும் முடியல."

தாம் பாடியது நாலு என்றே நம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். சங்கையா வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் நாலு வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்து சங்கையாவுக்கு வாசித்தார். நோட்டீஸை அளப்பதை விட்டுவிட்டார். ஆனால் அந்தப் புதன்கிழமை சங்கையா உள்ளே போன பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு இன்னும் போகவில்லை.

"ஏத்த மாட்டன்னு நீயாச்சும் சொல்லியிருக்கலாமேடா காளி" என்றார்.

நான் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்துக் கவிழ்த்து, கல்லை எடுத்து, சுருதியை மூன்றரைக்கு இறக்கத் தட்ட ஆரம்பித்தேன்.